சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய டேப்

வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ரெக்கார்டிங் செய்யும் நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து என்னிடம் கேட்டது எளிய கேள்விதான். எலெக்ட்ரிக் கிட்டாரை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைத்த ரெக்கார்டிங் பெட்டியில் சொருகி எடுக்கும்போது கெய்னை, அதாவது உள்ளே வரும் சத்தத்தின் அளவை, எவ்வளவு வைப்பது? பதிலும் எளிது. ஆள் ஓங்கி அடிக்கும்போதும் அளவு காட்டும் பட்டை மைனஸ் பன்னிரண்டு டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். குறைவாக வந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கூடிப்போனால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட தலையை எந்த சாஃப்ட்வேரும் திருப்பி ஒட்டித் தராது.

இந்த நாலு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்த நாலு வரி எனக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டே ஒரு மனிதரின் கடைசி வாசிப்பை நாசமாக்கினேன். வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வலது காது போய், தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இனி என் பேர் கெட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. அதனால் முழுவதும் சொல்கிறேன்.

மரக்காணத்தில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. கோயில் பாட்டு, சர்ச் பாட்டு, தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் கத்துகிற அறிவிப்பு, இறந்தவர்களுக்குப் போடும் அஞ்சலிப் பாட்டு, எல்லாம் அங்கேதான். ஆரம்பத்தில் நானும் புத்தகத்தில் உள்ளபடி அளவைக் குறைத்து வைத்துத்தான் எடுத்தேன். எக்கியார்குப்பத்திலிருந்து அம்மன் திருவிழாப் பாட்டுக்கு வந்த ஒருவர், பாடி முடித்துவிட்டுத் திரையில் அவர் குரல் அலைக்கோடாகப் பதிந்திருந்ததைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கோடு சோறு துன்னாத மாதிரி இருக்குது? நான் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன், இத்தினியூண்டு காட்டுது?"

குறைவாக எடுத்தால்தான் நல்லது என்று விளக்கினேன். அவர் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பாட்டுக்கு வேறு ஆளிடம் போய்விட்டார். அவரைப்போல இன்னும் நாலு பேர் போன பிறகு எனக்குப் புத்தி வந்தது, அதாவது புத்தி கெட்டது. கெய்னை ஏற்றி, கோடு திரை முழுக்கக் கொழுகொழுவென்று தெரியும்படி எடுக்க ஆரம்பித்தேன். அளவு காட்டும் பட்டையை மூடிவிட்டு, கோட்டை மட்டும் பெரிதாக்கி வாடிக்கையாளர் பக்கம் திரையைத் திருப்பி வைப்பேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு. பெட்டியின் முன்பக்கம் கடுகளவு விளக்கு ஒன்று உண்டு. அளவு மீறினால் எரியும். சர்ச்சில் பாடும் ஒரு அம்மா அது மினுக்கும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு, "சார், செவப்பு எரியுது, ஷாக் கிக் அடிக்குமா?" என்பார். ஒரே பாட்டில் ஒன்பது தடவை நிறுத்தினார். நான் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அரை விரல்கடை கிழித்து அதன்மேல் ஒட்டினேன். அந்த அம்மா நிம்மதியாகப் பாடிவிட்டுப் போனார். டேப்பை உரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பல வருடம் அது அப்படியே இருந்தது. எனக்கு எச்சரிக்கை சொல்ல இருந்த ஒரே வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

மூன்றாவதாக ஒன்று. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஜாக், ஒயர், சுவிட்ச் எதுவானாலும் ஆறு மாதத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். கறகறவென்று சத்தம் வந்தால் இங்கே யாரும் யோசிப்பதில்லை. ஜாக்கை உருவி, வேட்டியில் துடைத்து, திரும்பச் சொருகுவார்கள். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் காரணமாகவும் இருக்கும். அந்தப் பழக்கம் எனக்கும் ஊறிப்போயிருந்தது.

இப்போது சூசையைப் பற்றிச் சொல்கிறேன். உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போயிருந்த காலத்தில், அவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று சூசையிடம் இருந்தது. தானாகவே கற்றுக்கொண்டார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசிப்பார். பெரிய வித்வான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவராகவே கட்டிய ஒரு மெட்டு இருந்தது. மகள் ஸ்டெல்லா பிறந்த வருடம் கட்டியது. மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி ஆரம்பித்து, கடைசியில் ஆறு நரம்பும் சேர்ந்து எழும். அந்த மெட்டை வாசித்துத்தான் ஸ்டெல்லாவைக் கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் வரவைக்கப்போகிறேன் என்று இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமும் நிச்சயமானது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பிறந்துவிட்டால் சர்ச்சில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். அப்போதுதான் அவருடைய இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கெட்டன. உப்பு வாரும்போது பட்ட காயம், உடம்பில் சர்க்கரை, தினமும் உப்புத் தண்ணீர். ஆறவில்லை. புதுச்சேரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு வரை போய்விட்டது, இரண்டு விரலையும் எடுக்காவிட்டால் கையையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் முடியாது, கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள் காலை, சூசை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கூட ஸ்டெல்லா.

"அண்ணா, நாளைக்கு சாயங்காலம் இந்த வெரலுங்க இருக்காது. இன்னிக்கே எடுத்துக் குடுத்துடுங்க. கல்யாணத்தன்னிக்கு அதைப் போட்டுட்டு நான் புள்ளைய கையப் பிடிச்சிக் கூட்டினு வந்துடறேன்."

ஸ்டெல்லா துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கிட்டாரைச் சொருகி, "கொஞ்சம் வாசிங்க சூசை, அளவு வைக்கறேன்" என்றேன். அவர் வாசித்தார். கட்டுப்போட்ட விரல்களைப் பட்டும் படாமலும் வைத்து, வலது கையால் நரம்பைத் தடவிக்கொடுத்தார். மெட்டு முழுவதையும் அப்படியே வாசித்துக் காட்டினார். நன்றாகவே இருந்தது. கோடு மெலிசாக வந்தது. என் கை சும்மா இருக்குமா? கொழுகொழுவென்று ஆகும்வரை கெய்னைத் திருகினேன். அவர் வாசித்ததை நான் பதிவு செய்யவில்லை. சோதனைதானே என்று ரெக்கார்ட் பொத்தானை அமுக்காமலேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் யாரும் வாசிப்பதில்லை, சும்மா தொட்டுக் காட்டுவார்கள். வெட்கப்படுகிறவர் வெட்கத்தோடு தொடுவார். வலிக்கிறவர் வலியை மிச்சம் பிடிப்பார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தப் பாட்டில் நீங்கள் ரொம்ப ஓங்கி அடிக்கப்போகிற இடம் எது? அதை மட்டும் ஒருதரம் அடியுங்கள்." அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கேட்கவில்லை. அந்த விரலோடு இருக்கிறவரிடம் ஓங்கி அடியுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். தயக்கம் நல்லெண்ணம்தான். வேலை கெட்டுப்போனதும் அதனால்தான்.

"ரெடி" என்றேன். சூசை சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். இந்தமுறை நிஜமாகவே விரலை அழுத்தினார். முகம் கோணியது. மெட்டு ஏற ஏற இடது கை வலித்தது, இடது கை வலிக்க வலிக்க வலது கை ஓங்கியது. ஹெட்ஃபோனில் எனக்குக் கறகறவென்று கேட்டது.

"ஜாக்ல உப்பு" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

ஒயரை மாற்றினேன். "இன்னொரு தடவ, சூசை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் அதே கறகறப்பு. கிட்டாரில் ஜாக் சொருகும் ஓட்டையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் குடைந்து துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ அழுக்கு!" என்று அதை ஸ்டெல்லாவிடம் காட்டவேறு செய்தேன். மூன்றாம் தடவை வாசிக்கச் சொன்னேன்.

ஜாக்கில் உப்பு இருந்தால் கை அசையும்போது கறகறக்கும். அளவு மீறினால் ஓங்கி அடிக்கும்போது கறகறக்கும். ஓங்கி அடித்தால் கையும் அசையும். அதனால்தான் குழப்பம். ஆனாலும், மூன்று முறையும் மெட்டின் அதே இடத்தில் வந்த சத்தத்தை உப்பு என்று நினைத்தது என் காதின் குற்றமில்லை. அப்போது என் காது நன்றாகத்தான் இருந்தது. என் கெய்ன் தப்பாக இருக்கும் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. கோடு கொழுகொழுவென்று இருந்தது, விளக்கு எரியவில்லை. எரிந்தாலும் தெரியாது.

மூன்றாம் தடவை கடைசி அடியில் மோதிர விரலின் கட்டு பிய்ந்தது. நரம்பிலும் கிட்டாரின் கழுத்திலும் ரத்தமும் சீழும் வழிந்தன. ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

"போதும்ப்பா. அங்கிள், போதும் அங்கிள். கையெடுத்துக் கும்பிடறேன்."

"வந்துச்சாண்ணா?" என்று சூசை கேட்டார். மூச்சு வாங்கியது.

"வந்துடுச்சு. கொஞ்சம் கறகறப்பு இருக்குது, அதை நான் எடுத்துடறேன். நீங்க போய்ப் படுங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகு கிட்டாரில் பட்டதுபோகத் தரையில் சொட்டியிருந்ததைத் துடைத்தேன். உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். மெதுவான பகுதி நன்றாக இருந்தது. எழும் பகுதி முழுக்கச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம். பிரித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அலைகள் எல்லாம் உச்சியில் கத்தி வைத்துச் சீவினதுபோலத் தட்டையாக இருந்தன. தப்பு என்னுடையது என்று அப்போதும் நம்ப மனம் வரவில்லை. வீட்டில் கிடந்த என் பழைய கிட்டாரைப் புது ஒயரில் சொருகி, மெதுவாக அடித்தேன். சுத்தமாக இருந்தது. ஓங்கி அடித்தேன். கறகற.

டேப்பை உரித்தேன். பசை பிசுபிசுத்து வந்தது. திரும்ப ஓங்கி அடித்தேன். பளிச்சென்று சிவப்பு எரிந்தது.

அப்போது மாலை நாலு மணி. சூசை வீடு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. லேப்டாப்பையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போனால், கெய்னைப் பாதிக்கு இறக்கி, ஒரே ஒரு தடவை. மூன்று நிமிட வேலை. நாளைக் காலைக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அதன் பிறகு உலகத்தில் யாராலும் செய்ய முடியாது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் என்னவென்று சொல்வது? மூன்று தடவையும் தப்பு என்னுடையது, விளக்கின்மேல் டேப்பை ஒட்டிவைத்தவன் நான், உங்கள் விரலைச் சும்மா புண்ணாக்கினேன், இப்போது நாலாவது தடவை வாசியுங்கள் என்றா? இருபது வருடமாக ஊரில் ரெக்கார்டிங்காரர் என்றால் நான்தான். கடைசியில் போன் செய்தேன். ஸ்டெல்லா எடுத்தாள்.

"அப்பா மாத்திரை போட்டுனு படுத்திருக்காரு அங்கிள். இன்னா விஷயம்? எழுப்பட்டுமா?"

எழுப்பு என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

"வேணாம்மா. நல்லா வந்திருக்குதுன்னு சொல்லத்தான் பண்ணேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாவம், தூங்கட்டும் என்றுதான் விட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பேர் கெடக்கூடாது என்றுதான் விட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். நான் அடுத்த இரண்டு வாரமும் அந்த மூன்றாவது பதிவோடு மல்லுக்கட்டினேன். தெரிந்த வித்தை எல்லாம் போட்டேன். கறகறப்பைக் குறைத்தால் கிட்டார் குடத்துக்குள் போய்விட்டது. கிட்டாரை மீட்டால் கறகறப்பும் கூடவே வந்தது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைச் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் அவ்வளவாகத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சர்ச்சில் வைத்திருந்தது சின்ன ஸ்பீக்கர் இல்லை. ஊரில் மைக்செட் வைத்திருக்கும் கோவிந்தன் ஆளுயரப் பெட்டிகள் இரண்டை நிறுத்தியிருந்தார். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையில் வாசலுக்கு வந்தாள். சூசை வலது கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். கட்டுப்போட்ட இடது கையை ஜிப்பாவுக்குள் மறைத்திருந்தார். மெட்டு ஆரம்பித்தது. மெதுவான பகுதி முடியும்வரை சர்ச்சே மூச்சு விடவில்லை. சூசை முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பாதி தூரம் வந்தார்கள். மெட்டு எழுந்தது. ஆளுயரப் பெட்டிகள் இரண்டும் கறகறவென்று அலறின.

குழந்தைகள் காதைப் பொத்தினார்கள். கோவிந்தன் ஓடினார். என்ன செய்தார் தெரியுமா? ஜாக்கை உருவி, வேட்டியில் துடைத்துச் சொருகினார். அந்த இரண்டு நொடி பாட்டே இல்லை. சொருகினதும் திரும்ப அலறியது. ஒயரை மாற்றினார். அப்படியும் அலறியது.

"யோவ் கோவிந்தா, கல்யாணத்துல வந்து ஓட்ட ஒயர மாட்டினு நிக்கிறியே, அறிவு இருக்குதா உனக்கு?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சர்ச் என்றும் பாராமல் கத்தினார். ஃபாதர் பீடத்திலிருந்து கையைக் காட்டினார், நிறுத்து என்று. கோவிந்தன் நிறுத்திவிட்டார். மிச்சப் பாதி தூரத்தை சூசையும் மகளும் செருப்பில்லாத காலின் சத்தம் கேட்க நடந்து போனார்கள்.

நான் எழுந்து, தப்பு கோவிந்தனுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டருக்கு சர்ச்சில் திண்டிவனத்திலிருந்து வேறு மைக்செட் வந்தது. கோவிந்தனைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரே என்னிடம் வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"அண்ணா, நீங்க இந்தத் தொழில்ல பெரியவரு, உங்களாண்ட கேக்கறேன். அன்னிக்கிப் போட்ட ஒயரு நாலையும் நடுவுல வெட்டி, பிரிச்சிப் பாத்துட்டேன். ஜாக்கயும் கழட்டிப் பாத்துட்டேன். ஒரு பொட்டு உப்பு இல்லண்ணா. அப்புறம் எங்கருந்து வந்துச்சு அந்தச் சத்தம்?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் குடிக்காத டீயைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை அவர் என்னோடு பேசியதில்லை.

அங்கிருந்து நேராக சூசை வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று விரல் கையால் வெங்காயத்தைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் கெய்ன், டேப், கோடு எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொன்னேன். கோவிந்தனிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன். நான் முடித்த பிறகும் இரண்டு வெங்காயம் உரித்தார்.

"அப்போ அன்னிக்கி சாயங்காலம் போன் பண்ணீங்களே, அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

"ஸ்டெல்லா வந்து சொல்லிச்சு, நல்லா வந்திருக்குதாம்னு. நான் முழிச்சினுதான் இருந்தேன். மாத்திரை போட்டா மட்டும் தூக்கம் வந்துடுமா? கிட்டார பக்கத்துலயே வெச்சினு படுத்திருந்தேன்." கத்தியைக் கீழே வைத்தார். "ஏண்ணா கேக்கல?"

என்னிடம் உண்மையான பதில் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பொய்தான் வாயில் வந்தது.

"ரத்தம் வந்துச்சே சூசை. மறுபடியும் எப்பிடிக் கேக்கறது? வெரலப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

சூசை தன் இடது கையைத் தூக்கி, விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மறுநா காலையில வெட்டப்போற வெரலுண்ணா அது" என்றார். "அதுக்குப் போயி பாவம் பாத்தீங்களா?"